பருப்பு வெந்த நேரம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மிக அதிகமான வீடுகளை விற்கவிடாமல் செய்தவர், எனக்குத் தெரிந்து, பருப்புத் தரகர்தான். அவர் பிழைப்பே வீட்டுத் தரகு. விற்றால்தான் கமிஷன். இருந்தும், முன்பணத்தோடு வந்து நிற்கும் ஆளைத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

மற்றத் தரகர்கள் மஞ்சள் பையோடு வருவார்கள். இவர் பித்தளைத் தூக்குச்சட்டியோடு வருவார். துண்டின் நுனியில் ஒரு பிடி துவரம்பருப்பு முடிந்திருக்கும். விலைக்கு வந்த வீட்டின் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போவார். "தாயி, இதச் செத்த அடுப்புல வைங்க. தண்ணி எப்படின்னு பாத்துக்கிடுதேன்" என்று அடுப்படி வாசலில் சம்மணம் போட்டுவிடுவார். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சோதிக்க அடுத்த வீட்டு விறகை எரிக்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1986 சித்திரையில் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், ஆவணிக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். கல்யாணமானதிலிருந்து நான்கு வாடகை வீடுகள் மாறிவிட்ட என் மனைவி, இனிச் சட்டி பானையை மூட்டை கட்டினால் சொந்த வீட்டில்தான் அவிழ்ப்பேன் என்றாள்.

தரகர் காட்டிய முதல் வீட்டில் பருப்பு கடைசி வரை கல்லாகவே கிடந்தது. வேண்டாம் என்றார். இரண்டாவது வீட்டில் வெண்ணெயாக வெந்தது. அதுவும் வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன். "அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது சார். தம்பிக்காரன் கையெழுத்துப் போடமாட்டான்" என்றார். மூன்றாவது வீட்டில், வெந்த பருப்பை விரலால் நசுக்கிக்கொண்டே, உத்திரத்தில் கரையான் இருக்கிறது என்றார். கைரேகை பார்ப்பதுபோலப் பருப்பு பார்க்கிற ஆளை நம்பி எத்தனை நாள் அலைவது?

ஆனி பிறந்தது. நான் தேதிகளை நம்புகிறவன். 1969 முதல் ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நானே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். முப்பது வருட வில்லங்கச் சான்று வாங்கி, மூலப்பத்திரம் தொடங்கி ஏழு கைமாற்றங்களையும் வருட வாரியாக அட்டவணை போட்டு, மனப்பாடமும் செய்தேன்.

"வீடு வாங்கப் போறீகளா, பரீட்சை எழுதப் போறீகளா?" என்றாள் மனைவி.

பருப்பையும் நான் விட்டுவைக்கவில்லை. தரகருக்குத் தெரியாமல், ஒரு தூக்குச்சட்டியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அக்கா பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, "அண்ணே, மழக் காலத்துல இந்த வீட்டுல..." என்று ஆரம்பித்தார்.

"செத்த பொறுங்கம்மா. நிமிசம் தப்பிரும்" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

அவர் இன்னும் இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் கையமர்த்தினேன். இருபத்தாறாவது நிமிடத்தில் பருப்பு மலர்ந்தது. டைரியில் குறித்துக்கொண்டேன். அந்த வாரமே பத்திரம் பதிந்தது.

ஆவணியில் பால் காய்ச்சினோம். கொஞ்சம் கர்வத்தோடுதான் தரகரையும் கூப்பிட்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்தவர் கேட்டார்:

"பக்கத்து வீட்டம்மா என்ன சொன்னாவ?"

"இருபத்தாறு நிமிசம்."

"பருப்பு கெடக்கட்டும் சார். அந்தம்மா என்ன சொன்னாவ?"

"பேச விடல. மணி பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் கை இலையிலேயே நின்றது. "தண்ணியத் தெரிஞ்சுக்கிட ஒரு வாய் குடிச்சாப் போதுமே சார். அடுப்படியில அரை மணி நேரம் உக்கார ஒரு சாக்கு வேணும்லா? அதுக்குத்தான் பருப்பு. பத்திரத்துல இல்லாதது அம்புட்டும் அங்கனதான இருக்கு."

சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தார். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எங்கள் வாசல் வழியாகத்தான் போகுமாம். முப்பது வருட வில்லங்கத்தில் வெள்ளம் என்று ஒரு வரிகூட இல்லையே என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். டைரிகளையெல்லாம் மழைக்கு முன்னால் பரணில் ஏற்றிவிடச் சொன்னார். "எந்தத் தேதிக்குள்ள?" என்று கேட்டவன் நான்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் விடிந்தபோது நானும் மனைவியும் கட்டில்மேல் நின்றிருந்தோம். சுற்றிலும் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீரை வெறித்தபடி அது வந்த நேரம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார் தரகர். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர், பத்திரப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டைரிகள் இருந்த டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கினார்.

"பத்திரத்துக்கு நகல் வாங்கிரலாம் சார். இதுக்கு எங்க போவீக?"

தை மாதம் கொத்தனாரைக் கூட்டிவந்து, கூடவே நின்று தரையை இரண்டரை அடி உயர்த்திக் கொடுத்தார். அதன் பிறகு எத்தனையோ தடவை மறுகால் பாய்ந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் வாசல் நிலை மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டதால், தினமும் அதில் தலையை இடித்துக்கொண்டுதான் வெளியே போகிறேன். அது எனக்குத் தேவைதான் என்கிறாள் மனைவி.

1995 மாசியில் ஒருநாள், பஸ் நிலையத்தில் தெரிந்தவர் ஒருவர் சொன்னார், பருப்புத் தரகர் தவறிவிட்டார் என்று. வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தேன். "இன்று" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருட டைரிகளையும் புரட்டினேன். 'ப. தரகர் வந்தார்.' 'ப. தரகர் சாப்பிட்டார்.' எந்த வீட்டில் எத்தனை நிமிடத்தில் பருப்பு வெந்தது என்பதெல்லாம் இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா ஒன்றும் கேட்காமல் அதை அடுப்பில் வைத்தார். நான் அடுப்படி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரகரின் பெயரைக் கேட்டேன்.

"அவியளா..." என்று அவர் ஆரம்பித்தார்.

கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.