பரஸ்பர இடமாறுதல் கேட்ட நத்தைகள்

ஒரு காட்டை ஒட்டிய கடலில் பெரிய பாறை ஒன்று இருந்தது. அதன் உச்சிக்குட்டையில் பிலோமி என்ற கடல்நத்தை வாழ்ந்து வந்தாள். மத்தியான வெயிலில் அந்தக் குட்டை வெந்நீராகிவிடும். தாங்காத நத்தைகள் எப்போதோ செத்துப்போக, தாங்கியவர்களின் வம்சம் மட்டுமே அங்கே மிஞ்சியிருந்தது. பாறையடியில் குளிர்ந்த நீரில் கிடந்தவர்களும் அதே இனம்தான், அச்சு அசல் அதே ஓடுதான். ஆனால் அவர்களுக்குச் சூடு ஆகாது.

ஒரு வருஷம் கடல் முழுக்கச் சூடேறியது. பாறையடி நத்தைகள் சுருண்டு விழுந்தார்கள். குளிர்ச்சி மிச்சமிருந்தது ஒரே ஒரு குகையில். அங்கே ஒருவருக்குத்தான் இடம். கடல்நலத் துறை தேர்வு வைத்தது: வெந்நீரில் அதிக நேரம் தாக்குப்பிடிப்பவருக்கே குகை.

பிலோமி முதலிடம். பாறையடி ஞானப்பூ அரை நிமிஷத்தில் மயங்கி, கடைசியாக வந்தாள். குட்டையில் பிலோமி காலிசெய்த இடத்தை அவளுக்கு ஒதுக்கினார்கள்.

குகைக் குளிரில் பிலோமிக்கு உடம்பு மரத்துப்போனது. பாசி மேயக்கூடத் தெம்பில்லை. மூன்றாம் நாள் ஞானப்பூவையும் இழுத்துக்கொண்டு அலுவலகம் போனாள்.

"ஐயா, எனக்குக் குளிர் ஒத்துக்கல. இவளுக்குச் சூடு ஒத்துக்கல. இடத்தை மாத்திக் குடுத்துடுங்க."

குமாஸ்தா கணவாய் தன் மையைத் தானே பீய்ச்சி எழுதிக்கொண்டிருந்தார். "பரஸ்பர இடமாறுதலா? இருக்கிற இடத்துல மூணு வருஷம் முடிச்சிருக்கணுமேம்மா."

"அதுவரைக்கும் நான் உசுரோட இருக்க மாட்டேனே," என்றாள் ஞானப்பூ.

"பரவால்ல. வாரிசு விண்ணப்பிக்கலாம்."

வெளியே வந்ததும் பிலோமி சொன்னாள்: "நீ என் பேர்ல குகைக்குப் போடி. நான் உன் பேர்ல குட்டைக்குப் போறேன். நம்மள எவன் அடையாளம் கண்டுபிடிக்கப் போறான்?"

இடம் மாறிக்கொண்டதும் இருவருக்கும் உயிர் திரும்பியது.

ஒரு மாதம் கழித்து, உச்சி வெயிலில் ஆய்வாளர் நண்டு வந்தார்.

"ஞானப்பூ யாரு?"

"நான்தான் சார்," என்றாள் மேய்ந்துகொண்டிருந்த பிலோமி.

"தேர்வுல அரை நிமிஷம் தாங்கல. இப்போ இந்தக் கொதியில நிம்மதியா மேயுற! எப்படிம்மா?"

உண்மையைச் சொன்னால் இருவரும் பழையபடி சாக வேண்டியதுதான்.

"பழகிடுச்சு சார்."

நண்டுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அங்கேயே அறிக்கை எழுதினார். மறுவாரம் ஆணை வந்தது: 'சூடு பழகிவிடும் என்பது நிரூபணமானதால், பாறையடி நத்தைகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் உச்சிக்குட்டைக்கு மாற்றப்படுகிறார்கள்.'

வரிசையாக ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள், முதுகில் குஞ்சு ஒட்டியிருக்க, மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "எத்தனை நாள்லக்கா பழகும்?"

பிலோமி ஓட்டுக்குள் போய் மூடியைச் சாத்திக்கொண்டாள்.

நீதி: தாங்கக்கூடியவள் ஒருத்தி தாங்கிக் காட்டினால் போதும், மற்றவர்களுக்குத் தாங்குமா என்று விசாரிக்கும் வேலை துறைக்கு மிச்சம்.