சாமு வாய் திறக்க வேண்டும்

"கப்பல்னு சொல்லு, ராஜா. ஒரே ஒரு தபா சொல்லு. உடனே குடுத்துடறேன்."

தேவசகாயம் காகிதக் கப்பலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய ஒரே மகன் சாமு. நாலரை வயது. கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தவனின் உதடு மெல்லப் பிரிந்தது. தேவசகாயத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. சாமு நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு, வாயை மூடிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிய பிள்ளைதான். அதன் பிறகு தொண்டை கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. தேவசகாயம் பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ரயில் ஏறினார். அங்கே ஒரு டாக்டரம்மா தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்றார்.

"வீட்ல அவன்கூட உக்காந்து கையால எதையாவது செஞ்சு காட்டுங்க. காகிதம், ஓலை, மண்ணு, எதுவானாலும் சரி. ஆசை வந்துச்சுன்னா தானா வாய் திறந்து கேப்பான்."

தேவசகாயம் ஆம்பூரில் கலீமுல்லா சாகிபின் தோல் பதனிடும் டேனரியில் சரக்கைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற மேஸ்திரி. இருட்டோடு கிளம்புவார், அப்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பான். இருட்டிய பிறகு வருவார், அப்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்கள். அங்கே பேசக்கூடாது. அப்படிப்பட்டவருக்குச் சாகிப், "புள்ள பேசற வரைக்கும் வீட்ல இரு, பேசினதும் வந்துடு" என்று லீவு கொடுத்திருந்தார். நல்ல மனுஷர்தான், பாவம். ஆனால் அவருக்கும் சரக்கு மதராஸுக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டுமே. அதனால் டேனரி மாட்டுவண்டிக்காரர் ஜான் பாஷா தினம் காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் போவார்.

"இன்னா மேஸ்திரி, பையன் பேசினானா?"

"இல்ல பாய்."

"அட அல்லா! டேய் சாமு, ஒரு வார்த்தை பேசுடா கண்ணு. நீ பேசினா உங்கப்பாவை இப்பவே வண்டியில ஏத்திக்கினு போய்டுவேன். அங்க தோலு மலையா குவிஞ்சு கெடக்குது."

சாமு மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வண்டி நகர்ந்துவிடும்.

சரி, கப்பலுக்கு வருவோம். கையில் இருக்கும் கப்பலைவிடத் தண்ணீரில் ஓடும் கப்பலுக்குத்தான் கவர்ச்சி ஜாஸ்தி என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த அண்டாவில் மிதக்க விட்டு, வாயால் ஊதி ஊதி ஓட்டினார். பழைய பத்திரிகைத் தாளில் செய்த கப்பல். சற்று நேரத்தில் மை கரைந்து, தாள் ஊறி, கப்பல் மூழ்கியது. அவருடைய மனைவி அன்னம்மாள் சொம்போடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? குடிக்கிற தண்ணியில கப்பல் வுட்டீங்களா?"

"டாக்டரம்மாதான்..."

"டாக்டரம்மா நம்ம அண்டாவுலதான் வுடச் சொன்னாங்களா? எடுங்க குடத்தை!"

அன்று ஊர்க் கிணற்றுக்கும் வீட்டுக்கும் தேவசகாயம் குடத்தோடு நடந்தார். சாமு கூடவே நடந்தான். போகும்போதும் வரும்போதும் கையைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பனையோலையில் காத்தாடி. நன்றாகவே வந்திருந்தது. காற்றுதான் வரவில்லை. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மகன் முகம் வாடியதைப் பார்த்ததும் தேவசகாயம் வேட்டியை மடித்துக் கட்டினார், காத்தாடியை முன்னால் நீட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். காத்தாடி விர்ரென்று சுற்றியது. நின்றார், அதுவும் நின்றது.

"ஓடுன்னு சொல்லுடா. சொன்னாத்தான் ஓடுவேன்!"

சாமு சொல்லவில்லை. விரலை நீட்டித் தெருக்கோடியைக் காட்டினான். சொன்னால்தான் ஓடுவேன் என்றவர், விரலைக் கண்டதும் ஓடினார். பெற்ற மனசு, என்ன செய்வது? மோர் விற்கிற பக்கத்து வீட்டுப் பூவம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள்.

"அன்னம்மா! புள்ளைக்குப் பேச்சு நின்னுச்சு, சரி. இவருக்கு இன்னா ஆச்சு? போற வர்றவங்கல்லாம் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"காத்தாடி சுத்தணுமாம்."

"அதுக்கு இவரு சுத்தறாரா? வேலூருக்குத் திரும்பக் கூட்டினு போறதா இருந்தா ரெண்டு பேரையும் கூட்டினு போ."

ராத்திரி காலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்ளும்போது தேவசகாயத்துக்கு வேறொன்று தோன்றியது. சத்தம் கேட்டால் பிள்ளைக்கும் சத்தம் போடத் தோன்றாதா? ஒரு மேளம் செய்து கொடுத்தால் என்ன? தோலைப் பற்றி அவருக்கா தெரியாது!

கொட்டாங்கச்சியின் மேல் பதப்படுத்திய ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டினார். குச்சியால் அடித்தார். மெத்தையில் குத்திய சத்தம்கூட வரவில்லை. இத்தனை வருஷமாகத் தோலை மெத்தென்று ஆக்குகிற இடத்தில் வேலை பார்த்தவருக்கு, மேளத்துக்கு மெத்தென்ற தோல் ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் ஜான் பாஷாவிடம் கெஞ்சி, வண்டியிலிருந்து பதப்படுத்தாத பச்சைத்தோல் ஒரு துண்டு வாங்கினார். அதை ஒரு மண் கலயத்தின் வாயில் இறுக்கிக் கட்டி வாசலில் காய வைத்தார்.

முதலில் ஒரு நாய் வந்தது. தேவசகாயம் "ச்சூ" என்றார். அது கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அதன் உறவுக்காரர்கள் வந்தார்கள். உச்சி வெயிலில் வாசல் முழுக்க நாய்கள். நடுவில் தடியோடு தேவசகாயம். சாமு படியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, ஒவ்வொரு நாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாய்னு சொல்லுடா! பெரிய வார்த்தை ஒண்ணும் இல்ல. நாய்!"

இதைச் சொல்ல அவர் மகன் பக்கம் திரும்பினாரே, அதுதான் தப்பு. செவலை நாய் ஒன்று பாய்ந்து தோலைக் கிழித்து, மிச்சம் மீதி உள்ளே இருக்குமோ என்று கலயத்துக்குள் தலையை விட்டது. தலை போனது, திரும்பி வரவில்லை. கலயத்தை மாட்டிக்கொண்ட நாய் கண் தெரியாமல் நேராகப் பூவம்மாள் வீட்டுக்குள் ஓடியது. உள்ளே படீரென்று ஒரு சத்தம். கலயம் உடைந்தது. கூடவே மோர்ப்பானையும் உடைந்தது. தலை முழுக்க மோரோடு நாய் வெளியே வந்தது, பின்னாலேயே பூவம்மாள் துடைப்பத்தோடு வந்தாள்.

"அய்யோ, என் மோரு! மேளம் செய்யற மூஞ்சப் பாரு!"

அப்போது சாமு சிரித்தான். வாய்விட்டு, கலகலவென்று, தெருவே கேட்கும்படி சிரித்தான்.

அன்னம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "சத்தம் வந்துச்சுங்க! கொரலு இருக்குதுங்க!" பூவம்மாள்கூடத் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "பேசுடா தங்கம், மோரு போனாப் போவட்டும்" என்றாள். எல்லாரும் அவனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். சாமு திடுக்கிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஜான் பாஷாவின் வண்டி வந்தது. வழக்கமாக அந்த வேளையில் வராத வண்டி. அவர் முகமும் சரியாக இல்லை.

"மேஸ்திரி, சாகிபு சொல்லச் சொன்னாரு. சரக்கு தேங்கிப் போச்சு, இனிமே தாங்காது. இப்பவே வண்டியில ஏறினா வேலை இருக்குது. இல்லாட்டி பேரணாம்பட்டுலேர்ந்து வேற ஆளு வர்றாரு. எனக்கே பேஜாரா இருக்குது சொல்றதுக்கு."

"போங்க," என்றாள் அன்னம்மாள். "புள்ளைய நான் பார்த்துக்கறேன். போங்க."

தேவசகாயம் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ஓர் அடி வைத்தார். திரும்பி மகனைப் பார்த்தார். ஆட்டுத்தோலில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்ணை மூடித் தடவிக் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். தன் மகன் இடக்கைக்காரன் என்பது அவருக்கு இந்த லீவில்தான் தெரிந்தது. அவன் தும்மினால் கூடவே சத்தமில்லாமல் சிரிப்பான் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

"வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லு பாய்."

"மேஸ்திரி! யோசிச்சு சொல்லு. இவ்ளோ வருஷ வேலை."

"யோசிச்சுதான் சொல்றேன். இவனை இப்படி வுட்டுட்டு என்னால வர முடியாது. சாகிபுக்கு என் சலாம் சொல்லு. நான் இனிமே வரலை."

"அய்யய்யோ, கஞ்சிக்கு இன்னாங்க பண்றது?" அன்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எதாவது பண்ணுவோம். காத்தாடி செஞ்சு சந்தையில விப்பேன். போ பாய், நிக்காதே."

ஜான் பாஷா தலையை ஆட்டிக்கொண்டு மாட்டைத் தட்டினார். சாமு வாசலுக்கு ஓடிப்போய், வண்டி தெருமுனை திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். வண்டிச் சத்தம்கூட அடங்கியது. பிறகு திரும்பி வந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, இனிமே நான் பேசினாகூட நீ வேலைக்குப் போவ மாட்டே இல்ல?"