கண்ணைக் கட்டிக்கொண்டு கற்ற கணினி

கருணை உலகில் முதன்முதலாக எந்த இடத்தில் தோன்றியது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மெட்ரோ தூணுக்கு எதிரே பாத்திரக்கடை மாடிக்கு ஏறினால் அந்தச் சர்ச்சை தீர்ந்துவிடும். கருணைக்கதிர் அறக்கட்டளையின் பார்வையற்றோர் கணினிப் பயிற்சி மையம் அங்கேதான் இயங்குகிறது.

மையத்தில் இல்லாத வசதி இல்லை. திரைகள் மிகப் பெரியவை. மவுஸ்களில் வண்ண விளக்கு எரிகிறது. சுவரெங்கும் தன்னம்பிக்கை வாசகங்கள் ஒட்டியிருப்பதாக வந்து போகிறவர்கள் சொல்வார்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது பயிற்சி பெறுபவர்களுக்கு இன்றுவரை ரகசியம். கேட்டால், வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா என்பார் செயலாளர் உலகநாதன். நியாயம்தான். பார்வையற்றோர் மையத்தில் பார்வையாளர்களைக் கவனிக்காமல் வேறு யாரைக் கவனிப்பது?

அந்தச் சனிக்கிழமை, அங்கே பயிற்சி பெறும் ஜெயப்பிரியாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். சாயங்காலம் வரை ஒரு கணினி. திங்கட்கிழமை அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் அவளுக்குத் தேர்வு. வாடிக்கையாளர்கள் போனில் சொன்ன புகார்களைக் கேட்டு, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு வரியில் சுருக்கித் தட்டச்சு செய்யும் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள், பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். புகாரைச் சுருக்குவதில் வீட்டிலேயே நல்ல பயிற்சி உண்டு. அம்மா ராஜகுமாரி பகலெல்லாம் சொல்வதை ராத்திரி அப்பாவிடம் ஒரே வரியில் சேர்ப்பிப்பவள் அவள்தான். வீட்டில் இல்லாதது கணினி மட்டுமே.

படியேறும்போதே துலுக்கானத்தின் இருமல் கேட்டது. பட்டறையில் வெல்டிங் வைக்கப்போய்க் கண்ணை இழந்தவர், மையத்தின் மூத்த மாணவர்.

"உள்ள எடம் இல்ல பாப்பா. நல்லா பாக்கறவங்கல்லாம் குருடா ஆயிகினு கீறாங்க."

அன்று 'இருளோடு ஓர் உறவு' விழா. பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் குழுகுழுவாக வந்து, கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் கணினி முன் உட்கார்ந்து, பார்வையற்றோரின் துயரத்தை 'உணர்ந்து', சமோசா தின்று, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் மகத்தான திட்டம். அவர்களுக்கு இருக்கை வேண்டும் என்பதால் பயிற்சி பெறுபவர்கள் எழுந்து நிற்பார்கள். சும்மா நிற்கவிட்டால் பாவம் என்று உலகநாதன் அவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார். கண்ணைக் கட்டியவர்கள் சுவரில் முட்டிக்கொள்ளாமல் கைப்பிடித்து அழைத்துப் போய் வருவது. மையத்தில் அவர்கள் மிக அதிகமாகப் பயிற்சி பெற்றது இதில்தான்.

அன்று வந்திருந்தது ஜெயப்பிரியா தேர்வெழுதப் போகும் அதே நிறுவனம். பார்வையற்றோருக்கென்று அந்தப் பணியிடத்தையே உருவாக்கிய மனிதவள அதிகாரி அரவிந்தனும் வந்திருந்தார். முகப்பேரில் இருந்து சொந்தக் காரில், சொந்த இரக்கத்தோடு. ஜெயப்பிரியாவுக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. தவிர, அவர் உட்கார்ந்தது அவள் வழக்கமாக உட்காரும் இடம்.

அங்கேதான் வினை. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் பயிற்சி பெறுபவர்கள் வேலை செய்வது. பழகியவர்கள் அந்தக் குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஜெயப்பிரியா வைத்திருந்த வேகத்தில் கேட்டால் புதியவருக்கு அது தேனீக் கூட்டம். குறைத்து வைக்க ஒரே ஒரு விசை போதும். அவள் சொல்ல வாயெடுத்தாள். உலகநாதன் 'உஷ்' என்றார். அனுபவத்தின்போது யாரும் பேசக்கூடாது, உணர்வு கலைந்துவிடும் என்பது மையத்தின் விதி.

அரவிந்தன் கலையாமல் உணர்ந்தார். காதில் தேனீ. கையில் மவுஸ். அந்த மவுஸைப் பயிற்சி பெறுபவர்கள் யாரும் தொட்டதே இல்லை. அது வண்ண விளக்குக்காக வாங்கியது. அவர் அதை மேசையின் எல்லைவரை ஓட்டினார், விளிம்பிலிருந்து கீழே தள்ளினார், வயரைப் பிடித்துத் தூக்கினார், மறுபடி ஓட்டினார்.

துணியை அவிழ்த்துவிட்டு அவர் பேசினார். பத்து நிமிடத்தில் ஒரு ஃபைலைக்கூடத் திறக்க முடியவில்லை என்றார். இந்தச் சித்திரவதையை ஒரு ஏழைப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்துத் தினமும் செய்ய இருந்தோமே என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆகவே திங்கட்கிழமைத் தேர்வு ரத்து. பணியிடமும் ரத்து. அந்தத் தொகையில் மையத்துக்கு இன்னும் பெரிய திரைகள்.

கைதட்டல் எழுந்தது. ஜெயப்பிரியா தட்டவில்லை. அவள் கை ஒரு கிளை மேலாளரைப் பிடித்திருந்தது. அவரை அங்கேயே விட்டுவிட்டுக் குரல் வந்த பக்கம் போனாள்.

"சார், அந்த டெஸ்டுக்கு வர்றதா இருந்தது நான்தான்."

"நீதானாம்மா அது? நல்ல வேளை, உன்னைக் காப்பாத்திட்டேன்."

"நான் தோத்தா அனுப்பிடுங்க சார். எழுதவே உடமாட்டீங்களா?"

"நீ தோக்கறதைப் பார்க்க எனக்கு மனசு வராதும்மா."

"ஜெயிச்சா பாப்பீங்கல்ல?"

இதற்குப் பதில் சொன்னவர் உலகநாதன். சமோசா ஆறுகிறது என்றார்.

ஜெயப்பிரியா நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். ஹெட்போனைப் பிடுங்கினாள், குரல் அறை முழுக்கக் கேட்டது. விசையைத் தட்டி வேகத்தைக் குறைத்தாள். தேனீக்கள் தமிழ் பேசின. இப்போது ஒரு புகார் வேண்டும். துலுக்கானம் தொண்டையைச் செருமினார்.

"அலோ, கம்பெனியா? நம்ப ஊட்ல ரெண்டு நாளா டிவில படம் வர்ல நைனா. எனக்கு ஒண்ணியும் இல்ல, சவுண்டு வருது. எம் பொண்டாட்டிதான் பாக்கறதுக்கு வேற ஒண்ணியும் இல்லாம ரெண்டு நாளா என்னியே உத்துப் பாத்துகினு கீறா."

அவர் முடிப்பதற்கும் அவள் விரல் நிற்பதற்கும் சரியாக இருந்தது. மென்பொருள் கணீரென்று படித்தது: வாடிக்கையாளர் வீட்டில் இரண்டு நாளாக டிவியில் ஒலி உண்டு, படம் இல்லை. பழுது பார்க்க ஆள் அனுப்பவும். அவசரம், குடும்ப அமைதி பாதிக்கப்பட்டுள்ளது.

அறை சிரித்தது. கண்ணைக் கட்டியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்த கணமே அந்தக் காட்சியைத் தாங்கமாட்டாமல் அரவிந்தன் துணியை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டுவிட்டார் என்று, அதைப் பாராட்டும் குரலில், உலகநாதன் எல்லாருக்கும் தெரிவித்தார்.

"அண்ணாத்தே, புள்ள முடிச்சிட்சி. துணிய அவுக்கலாம்" என்றார் துலுக்கானம்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார் அரவிந்தன். "இப்பத்தான் உங்க கஷ்டம் எனக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு."

கார்வரை அப்படியே வருவதாகச் சொல்லிவிட்டார். அவரைப் படியிறக்கும் பொறுப்பு ஜெயப்பிரியாவுக்கே கிடைத்தது. ஒவ்வொரு படிக்கும் சொல்லிச் சொல்லி இறக்கினாள். தலை இடிக்காமல் குனியவைத்து, காருக்குள் உட்காரவைத்தாள். அவர் அவள் கையை இரண்டு கையாலும் பற்றி, தைரியமாக இரும்மா என்றார். கதவு மூடிக்கொண்டது.

எத்தனை பெரிய மனம். இருட்டில் பத்து நிமிடம் குடியிருக்க வந்தவர், போகும்போது வீட்டுக்காரியைக் காலி செய்துவிட்டுப் போனார்.