கொழுந்தோடு காய்ந்த கம்ப்யூட்டர்

காரின் கம்ப்யூட்டருக்குள் பனி இறங்கிவிட்டது என்று நான் மனதார நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்பவன், நம்பினேன். (சிரிக்காதீர்கள். கேமரன் மலையில் சட்டை காயாவிட்டாலும் பனிதான், பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டாலும் பனிதான்.)

என் சொந்தக் காராக இருந்தால் போர்வை போர்த்திவிட்டுத் தூங்கியிருப்பேன். இது தங்கை வீட்டுக்காரர் தாஸின் வெள்ளைக் கார். மறுநாள் காலை தானா ராத்தா சர்ச்சில் அவர் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். மணப்பெண் அதில்தான் போய் இறங்க வேண்டும்.

"திரிங்காப் போய் பூ எடுத்துட்டு வந்துடுறேன், சாவியைக் குடு மச்சான்" என்று வாங்கியவன் நான்தான். திரும்பி வரும்போது மேட்டில் கார் இருமியது, குலுங்கியது, நின்றது. ஒரு முட்டைக்கோஸ் லோரிதான் கயிறு கட்டி எங்கள் ஃபேக்டரி வரைக்கும் இழுத்து வந்தது. பூவை அதே லோரியில் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மச்சானுக்கு ஃபோன் போட்டு, கார் நின்றதைச் சொல்லாமல், "காடியை நல்லா கழுவிட்டுக் கொண்டாறேன்" என்றேன்.

என்னிடம் ஃபோனோடு இணைக்கிற சின்னக் கருவி ஒன்று உண்டு. காரின் பழுதைச் சொல்லும். பெடல் சென்சார், காற்றழுத்தச் சென்சார் என்று அது வரிசையாக ஒப்பாரி வைத்தது. இத்தனையும் ஒரே நேரத்தில் சாகுமா? சாகாது. ஆகவே மூளைதான் நனைந்திருக்கிறது. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கம்ப்யூட்டரைக் கழற்றி, வாட்டும் தொட்டியில் பச்சைக் கொழுந்தின் மேல் படுக்கவைத்தேன். அடியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும்.

ஃபேக்டரிக் கணக்கு எழுதும் எங்கள் கிராணியார் வேலையை விட்டு எழுந்து வந்தார். "என்னய்யா இது, புது ரகக் கொழுந்தா?"

"காடியோட மூளை, கிராணியாரே. காய வச்சிருக்கேன்."

"உம்மோடதையும் பக்கத்துல வையும்லா. இடம் இருக்கு."

காய்ந்தது. மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். எல்லாம் பழையபடியே, தேயிலை வாசனை மட்டும் கூடுதல். அடுத்து வரும் லோரியில் ஏறி கோலா தெர்லா பக்கம் முட்டைக்கோஸோடு முட்டைக்கோஸாக வாழ்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் ஜெசிந்தாவையே கூப்பிட்டேன். ஈப்போவில் ஒரு பட்டறையில் கார் மின்சார வேலை பார்ப்பவள்.

தோழியின் காரில் வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் ஈர மருதாணி.

"மூளையைக் காய வச்சீங்களாமே, மாமா?"

"யாரு சொன்னது?"

"கிராணி அங்கிள் ஃபேக்டரி கேட்டுலயே காடியை நிறுத்திச் சொன்னாரு."

எதையும் தொட முடியாது என்பதால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நீட்டியபடி உத்தரவு போட்டாள். "இன்னிக்கு நீங்கதான் என் கை. பெடல் பிளக்கைக் கழட்டி மீட்டரை வைங்க. எவ்வளவு?"

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல."

"அஞ்சு வோல்ட் வரணும். கம்ப்யூட்டர் அனுப்புற அந்த அஞ்சைத்தான் நாலஞ்சு சென்சாரும் பங்கு போட்டுக்குது. நம்ம லயத்து வரிசை வீடுங்களுக்கு வர்ற தண்ணிக் குழாய் மாதிரி மாமா. ஒரு வீட்டுல ஒடஞ்சா எல்லா வீட்டுலயும் தண்ணி நிக்கும்ல?"

"எந்த வீடுன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வீடா மூடிப் பாருங்க. மீட்டர் அங்கேயே இருக்கட்டும்."

ஒரு பிளக்கைக் கழற்றினேன், முள் அசையவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை.

"ஏன் மாமா இவ்வளவு பதறுறீங்க? கல்யாணம் எனக்குத்தானே?"

முன்பக்கம், ரேடியேட்டர் ஓரமாக ஒரு பிளக். இழுத்தேன். மீட்டர் துள்ளி ஐந்தில் போய் நின்றது. நான் போட்ட அல்லேலூயாவில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"அதை மட்டும் கழட்டியே போடுங்க. மத்ததெல்லாம் மாட்டுங்க. அது இல்லாமலே ஓடும்."

ஓடியது. மணப்பெண் நேரத்துக்குச் சர்ச்சில் இறங்கினாள். இன்றும் பனி விழுந்தால் மச்சான் ஃபோன் போட்டு, "மூளை காஞ்சுதா?" என்று விசாரிக்கிறார்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சொட்டு ஈரமும் இருந்ததில்லை. உள்ளுக்குள் ஷார்ட்டாகி ஐந்து வோல்ட்டையும் விழுங்கியது, ரேடியேட்டர் ஓரம் இருந்த, ஏசி வாயுவின் அழுத்தத்தை அளக்கிற சென்சார். கார் வாங்கிய நாளிலிருந்து இந்த மலையில் மச்சான் ஏசி போட்டதே கிடையாது.