நகரும் நிழற்கூரை ஒன்று

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிராக்டர் மெக்கானிக் சொன்னார். அவருக்கு அவருடைய மச்சான் சொன்னாராம். ஆகவே பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தை கூடக் குறைய இருந்தால் மூன்று பேருமே பொறுப்பு.

பாலத்துத் தூணில் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது ஒரு பெண்ணின் வேலை. ஊரில் அவளுக்கு 'மட்டக்கோல் அக்கா' என்று பெயர். அந்தக் கோடையில் ஆற்றில் மணல் மட்டுமே இருந்ததால் தினமும் பூஜ்யம் எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் விடியற்காலையில் சூறைக்காற்று கிளம்பியது. வானம் பொத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கொட்டியது. மட்டம் பதினாறு அடி. பள்ளத்தெரு ஜன்னல்வரை மூழ்கிவிட்டது. அங்கே குடியிருந்த அவளுடைய தங்கை நிறைமாதக்காரி. அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேரோடு மொட்டைமாடியில் ஏறி நின்றாள். ஒன்பது மணிக்கு, எதுவுமே நடக்காதது மாதிரி வெயில் வந்து மண்டையைப் பிளந்தது.

அக்கா பருவகாலப் பேரிடர் அலுவலகத்துக்கு ஓடினாள். ஊருக்கே ஒரு படகு. அது அந்த அலுவலகத்துத் திறந்த கொட்டகையில் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தது.

"சார், படகு வேணும். என் தங்கச்சி மாடியில நிக்கிறா. எந்த நேரமும் வலி வந்துடும்."

"படகு எதுக்கு?"

"வெள்ளம் சார்! ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க."

அலுவலர் நாட்காட்டியை எட்டிப் பார்த்தார். "வெள்ளக் காலம் தொடங்க இன்னும் நாற்பத்து மூணு நாள் இருக்கேம்மா. இப்ப நடப்பில் இருக்கிறது வெப்பக் காலம்."

"அது தண்ணிக்குத் தெரியலையே சார்!"

"அது தண்ணியோட தப்பு," என்றார் அலுவலர், யார் மேலும் கோபமில்லாமல்.

எழுத்தர் இரக்கப்பட்டு வெப்பக் காலக் கோப்பைப் புரட்டினார். "இப்போதைக்குத் தொப்பி தரலாம். இல்லேன்னா குடிநீர் லாரி அனுப்பலாம்."

"மூழ்கிக் கிடக்கிற தெருவுக்குத் தண்ணி லாரியா? உங்களுக்கே நல்லாயிருக்கா?"

"வேணாம்னா எழுதிக் குடுத்துடுங்க. இலக்கு எட்டியாச்சுன்னு போட்டுக்கறோம். வீட்டு வாசலுக்கே தண்ணி வந்திருக்கு இல்ல?"

அக்காவுக்கு அழுகை முட்டியது. அழுதால் அதற்கும் ஒரு படிவம் இருக்குமோ என்று அடக்கிக்கொண்டாள். "தொப்பிக்குக் கீழே என்னவோ எழுதியிருக்கே, என்ன அது?"

"நிழற்கூரை. வெயிலில் சிக்கினவங்களுக்கு உடனடியாக வழங்கலாம். ஆனா கையிருப்பு இல்லை."

அக்கா ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தாள்.

"சார், என் தங்கச்சி வெயிலில் சிக்கியிருக்கா."

அலுவலரின் முகம் மலர்ந்தது. "இதை வந்ததுமே சொல்லக் கூடாதா?"

"உங்க கொட்டகையில ஒரு நிழற்கூரை கிடக்கு. மரத்துல செஞ்சது. பதினெட்டு அடி நீளம்."

"அது படகும்மா."

"குப்புறக் கிடக்கு சார். அடியில ஒரு நாய் சுகமாத் தூங்குது. நாய்க்கு நிழல் குடுத்தா அது படகா, கூரையா? நீங்களே சொல்லுங்க."

அலுவலர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கோப்பைப் பார்த்தார். கோப்பில் தடை ஏதுமில்லை.

'நகரும் நிழற்கூரை, ஒன்று' என்று மூன்று பிரதிகளில் பதிவாயிற்று.

"துடுப்பு?" என்றார் எழுத்தர்.

"கூரையைத் தாங்கற கம்பு."

"அப்போ ரெண்டு எடுத்துக்கங்க. கூரை வழியில் நனைஞ்சா பெற்றுக்கொள்பவரே பொறுப்பு."

தங்கையை மருத்துவமனையில் இறக்கிய முக்கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பதின்மூன்று பேரையும் கொடும் வெயிலிலிருந்து காப்பாற்றியதற்காக அலுவலருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. வெள்ளம் வடிந்தது, வெயில் மட்டும் விடுவதாக இல்லை. தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு நிற்கிறவர்கள் கருகிப்போனார்கள்.

கதை இதோடு முடிந்தது என்றார் மெக்கானிக். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெள்ளக் காலத்தின் முதல் நாள் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். படகு: இல்லை. நிழற்கூரை: ஒன்று; பேருந்து நிறுத்தத்தில் நான்கு சிமெண்டுத் தூண்களின் மேல், பொதுமக்களின் வேண்டுகோளை ஏற்று, நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. மனுவும் கூடவே இணைக்கப்பட்டிருந்தது. கீழே இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். முதல் கையெழுத்து மட்டக்கோல் அக்காவுடையது.