அன்னம்மாளின் பச்சைச் சப்பாத்து

மொன்றியல்
ஆவணி 2004

கோயில் மலர் ஆசிரியர் மரியதாசன் அங்கிளுக்கு, ஜெயனி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறையவும் அன்ரி சுகமாயிருக்கவும் மன்றாடுகிறேன்.

அன்னம்மாள் திருநாளன்று முதல் பச்சைப் பொட்டு விழுந்தது திரேசம்மா மாமியின் நெற்றியில்.

கோயில் வரலாறு எழுதச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளிடம் கேட்டது, கோயிலைத் துடைக்கிறவள் நான் என்பதாலாக்கும். நெடுஞ்சாலை வரமுன் இது கிராமம். உருளைக்கிழங்கு போட்ட பிரெஞ்சுக்காரர் வயலில் பொறுக்கிய கல்லாலேயே கோயிலைக் கட்டினார்கள். குளிருக்குப் பயந்து யன்னல்களைச் சின்னதாக வைத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பூசைக்கு வராமல் விட, நாங்கள் வந்தோம். கீழ்மண்டபத்தில் நாங்கள் பொரிக்கும் றோல்ஸ் மணம் போகுதில்லை என்று குறை சொல்வார்கள், கையில் இரண்டை எடுத்துக்கொண்டு.

கோயிலின் பாதுகாவலி புனித அன்னம்மாள் இரண்டு பகுதிக்கும் சொந்தம். அவவின் சிலையை அவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். நாங்கள் காலைத் தொட்டு நெற்றியில் வைப்போம். அப்படித் தொட்டுத் தொட்டு, கால் சப்பாத்தின் பச்சைப் பெயின்ற் போய்விட்டது. இனியும் பெயின்ற் போனால் சுருவம் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் என்று சபைத் தலைவி மடாம் ஜிசேல் சொல்லிவிட்டா. எனக்கு நித்திரையே இல்லை. ஆக்களோடை கதைக்க எனக்கு வாய் வராது, அன்னம்மாளோடை வரும். அதுவும் காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால்தான்.

கோயிலைப் பராமரிக்கிற முசியே லூசியான் திருநாள் காலமை புதுசாப் பச்சை அடிச்சவர். காயேல்லை. சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சத்திலை "தொடாதையுங்கோ" எண்டு எழுதி ஒட்டினன். காரணம் எழுத மறந்துபோனன். திரேசம்மா மாமி வாசிச்சா.

"ஆரடி இது, எங்கட அன்னம்மாவைத் தொடாதையாம்? பெட்டிக்கை வைக்கிற அலுவல் தொடங்கிட்டாங்கள்! எல்லாரும் வாங்கோ, இண்டைக்குத் தொட்டிட்டுத்தான் மற்ற வேலை!"

"மாமி, பெயின்ற்..."

"பூனைக்குட்டி மாதிரி அனுங்காதை பிள்ளை, சத்தமாச் சொல்லு!" எண்டுபோட்டுத் தொட்டு நெற்றியிலை வைச்சா. பின்னாலை அருமைநாதன் அண்ணை, அவருக்குப் பின்னாலை முழுக்கோயிலும். திருநாளெண்டு பிரெஞ்சுக்காரரும் வந்திருந்தவை. பச்சை நெற்றியளைப் பாத்திட்டு, இது எங்கட திருநாள் வழக்கமாக்கும் எண்டு அவையும் வரிசையிலை நிண்டிட்டினம். முன்னுக்கு மடாம் ஜிசேல்! காலைத் தொட்டு, நெற்றியிலை வைச்சு, கைக்கண்ணாடியிலை வடிவு பாத்திட்டு, "வருசா வருசம் செய்யுங்கோ" எண்டு பிரெஞ்சிலை சொன்னா. பெட்டிக் கதை அதோடை முடிஞ்சுது.

ஆனாலும் அங்கிள், சப்பாத்து முழுக்க விரலடையாளம். பெயின்ற் காயும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று மலரில் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

அன்னம்மாள் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

பணிவுடன்,
ஜெயனி

பி.கு: முசியே லூசியான் இண்டைக்கு இன்னொருக்காப் பச்சை அடிச்சவர். கடிதத்தை மடிச்சு வைச்சிட்டு, காய்ஞ்சுதோ எண்டு பாக்கப் போனன். காயேல்லை. விரலை நெற்றியிலை வைச்சன்.