தொட்டி மேஸ்திரியின் கன்னம்

சேர்வராயன் மலையில் தண்ணீர் பயப்படுகிற ஒரே ஆள் தொட்டி மேஸ்திரிதான். மற்ற எல்லாரிடமும் அது வாலாட்டும். புது மாடியில் ஒழுகும், பழைய சுவரில் படம் வரையும், பெயிண்டரைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும். மேஸ்திரி கட்டிய தொட்டிக்குள் விட்டால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மாரமங்கலத்திலிருந்து கரடியூர் வரை, காபிப் பழத்தைத் தோல் உரித்துக் கொட்டையை ஊறப்போடும் தொட்டி எங்கெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறதோ, அங்கெல்லாம் அவர் கை பட்டிருக்கிறது. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். ஆதார் கார்டில் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் ஐம்பது வயது வரை முழங்காலுக்கு மேல் அவர் தண்ணீரில் இறங்கியதே கிடையாது. குளியல்கூடச் சொம்பில்தான். ஏரிப்பக்கம் போனால் படகுத்துறைக்குப் பத்தடி தள்ளியே நிற்பார். ஏன் என்று கேட்டால், "அது நாங் கட்டுனது இல்லீங்க, நம்ப முடியாது" என்பார்.

அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, சேலத்திலிருந்து ஏறும் பஸ்ஸில், பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் எனக்குத் தோன்றிய ஒரு யோசனை.

அம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். மருந்துப் பெட்டியோடு தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஏறி இறங்கியே இரண்டு முழங்காலும் போய்விட்டன. அன்றைக்குச் சேலத்து டாக்டர், "தரையில நடக்கிறதக் கொறைங்க. வெதுவெதுப்பான தண்ணியில, நெஞ்சளவு நின்னு தினமும் நடங்க. ஆறு மாசம் பாத்துட்டு ஆபரேஷனா இல்லையான்னு முடிவு பண்ணலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஊர் முழுக்க ஊசி போட்ட அம்மாவுக்குத் தன் காலில் கத்தி படுவது என்றாலே பயம்.

"எங்க போயி நடக்கறது? ஏரியிலயா? படகுல வாரவங்கல்லாம் செல்ஃபி எடுப்பாங்க" என்று சிரித்தார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வளைவு முடிந்தும் திரும்பவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை. "அம்மா, ஊட்டுக்குப் பின்னால நீச்சல்குளம் கட்டிரலாம்."

"மொதல்ல பாத்ரூம் கொழாயச் சரி பண்ணு சாமி."

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. ஒரு யோசனை வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்குவதற்குள் எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் குளம் தயார்: இருபதடி நீளம், எட்டடி அகலம். இரண்டு நாளில் பம்ப், ஃபில்டர், டைல்ஸ், ஹீட்டர் என்று லேப்டாப்பில் நாற்பது பக்கம் திறந்து கிடந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "தண்ணி நிக்கோணும்னா தொட்டி மேஸ்திரியக் கூப்புடுங்க."

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலாமரத்துக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவில் மூன்று சுற்று நடந்தார். என் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"நர்சம்மா படி எறங்கயில எந்தக் கால் மொதல்ல வருமுங்க?"

நாற்பது பக்கத்தில் ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை. அம்மா திண்டாடி, இரண்டு முறை படி இறங்கிப் பார்த்து, "இடது" என்றார். "அப்ப கைப்பிடிக் கம்பி இந்தப் பக்கம்" என்று ஒரு குச்சியை நட்டார். குளத்தின் முதல் பொருள் அந்தக் குச்சிதான். அந்த நிமிஷமே நான் அவருக்கு ரசிகனாகிவிட்டேன்.

சேலத்தில் நீச்சல்குளச் சாமான் விற்கும் ஷோரூமுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவர் மடியில் ஒரு கோணிப்பை. என்ன என்று கேட்டதற்கு, "நம்மூரு சாமானுங்க கண்ணு" என்றார்.

ஷோரூமுக்குள் நுழைந்ததும் முதல் டைல்ஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். இரண்டாவதை வைத்தார். மூன்றாவதில் முகத்தைச் சுளித்தார். கழுத்தில் டை கட்டிய சேல்ஸ்மேன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"கை பொய் சொல்லுமுங்க தம்பி. காய்ச்சுப் போன கை. கன்னம் சொல்லாது."

கொட்டை ஊறும் தொட்டிக்குப் பூச்சு பூசி முடித்ததும், மேஸ்திரி உள்ளே மண்டியிட்டு மூலை மூலையாகக் கன்னத்தை வைத்துப் பார்ப்பாராம். சொரசொரப்பில் ஒரே ஒரு கொட்டை ஒட்டிக்கொண்டு அழுகினாலும், அடுத்து ஊறுகிற அத்தனை காபியும் நாறிப்போகும். அதனால் அவர் கன்னத்துக்கு மலையில் அவ்வளவு மரியாதை.

அடுத்து பம்ப். ஓடுகிற பம்பின் தலையில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்தார். தண்ணீர் நடுங்கினால் அந்த பம்ப் வேண்டாம். ஐந்து பம்ப் நடுங்கின. ஆறாவதில் டம்ளர் தவம் செய்தது.

மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மரைக் காட்டத் தண்ணீர்த்தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள். மேஸ்திரி அதன் பக்கத்தில் போய்க் கோணிப்பையைப் பிரித்தார். உள்ளே முழுக்கச் சில்வர் ஓக் சருகு.

"ஐயோ, வேண்டாங்க!"

"எங்கூட்டு எலைங்க. முழுங்கட்டும் பாப்போம்."

முதல் ஸ்கிம்மர் இரண்டு கைப்பிடியிலேயே விக்கி நின்றது. இரண்டாவது உறுமிவிட்டு அணைந்தது. மூன்றாவது கோணி முழுவதையும் விழுங்கி, இன்னும் இருக்கிறதா என்பது போல் நிதானமாகச் சுழன்றது. பதறிய சேல்ஸ்மேனே கைதட்டிவிட்டார். கிளம்பும்போது, "அண்ணா, இன்னொரு கோணி இருந்தா அனுப்புங்க, கம்பெனிக்காரங்களுக்குக் காட்டோணும்" என்றார்.

நிறத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. நீச்சல்குளம் என்றால் நீலம். உலகமே ஒத்துக்கொண்ட விஷயம். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை.

"மூடுபனியில நீலத்தப் பாத்தாலே குளுருமுங்க. நர்சம்மா குளிர்லயே ஓடிப்போயிருவாங்க."

"அப்ப என்ன நெறம் வேணுங்கறீங்க?"

மேஸ்திரி ஐந்து வாளியில் ஐந்து நிறத்துப் பூச்சு பூசி, காய்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் காலையில் வெயிலில் வைத்தார். மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு வாளியிலும் கைவிடச் சொன்னார். அம்மா நாலாவது வாளியில் விட்ட கையை எடுக்கவே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் யானை நிறம். நான் தெர்மாமீட்டர் கொண்டு வந்து சரிபார்த்தேன். அம்மாவின் கை ஜெயித்திருந்தது. நீலம் அன்றே செத்தது.

சூடேற்றுவதற்குக் கருப்புக் குழாயைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துத் தகரக் கூரை மேல் பரப்பினோம். கணக்கு என்னுடையது. ஆனால் சாயங்காலம் ஆனதும் குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்றது மேஸ்திரி. களத்தில் காயும் காபியை அப்படித்தான் மூடுவார்கள். "காபிக்கே பனி ஆகாதுங்க. நர்சம்மாவுக்கு ஆகுமா?" என்றார். வெளிநாட்டு வீடியோக்களில் இதையே முக்கால் மணி நேரம் விளக்கியிருந்தார்கள்.

உள்பூச்சை யாரையும் தொட விடவில்லை. பதினோரு நாள். இரண்டு விரற்கடைத் தடிப்பு. கடைசி நாள் குளத்துக்குள் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அவர் ஊர்ந்ததைப் பார்த்தேன். எழுந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் பூசுனதுலயே இதான் சாமி நெம்பர் ஒன்னு" என்றார்.

தண்ணீர் நிரம்பி, வெயில் ஏறி, வெதுவெதுப்பும் வந்தது. அம்மா புதிதாகத் தைத்த பருத்திக் கால்சட்டையில், கைத்தடியோடு கரையில் நின்றார். ஒரு சின்ன ஜெபம். "மொதல்ல நீ எறங்கு" என்றார்.

முதல் படியில் காலை வைத்தேன். அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த நொடி தண்ணீர் வெளியேறும் குழாய் இருக்கிற மூலையில், தலைக்கு மேல் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். நடுவில் எந்தப் படியையும் நான் சந்திக்கவில்லை. நீச்சல் தெரிந்ததால் இருமிக்கொண்டு எழுந்தேன். மறுபடி முயன்றேன். மறுபடி அதே மூலை. எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து இறங்கினேன். அங்கிருந்தும் தரை என்னை அன்போடு அதே மூலைக்குக் கொண்டுபோய் விட்டது.

மேஸ்திரி பூரித்துப் போனார். "பாத்தீங்களா நர்சம்மா! எங்க போட்டாலும் நிக்காம நேராக் கொழாய் வாய்க்கு வந்துருது!"

அவர் கட்டியது உலகத்தின் மிகச்சிறந்த காபித் தொட்டி. நான்தான் முதல் கொட்டை.

அம்மா சிரிக்கவில்லை. படி விளிம்பில் இடது கால் பெருவிரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"நான் கொட்டை இல்லீங்க மேஸ்திரி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கைத்தடிச் சத்தம் சமையலறை வரை கேட்டது. இந்தக் காலோடு விழுந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

மேஸ்திரி குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிக்கறதுக்குக் கட்டச் சொன்னீங்க. நான் ஓடறதுக்குக் கட்டிப்போட்டேன்" என்றார். டீ குடிக்காமல் போய்விட்டார். இரண்டு நாள் போனும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, பின்பக்கம் டக் டக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். குளத்தைக் காலி செய்துவிட்டு, அம்மிக்கல் கொத்துகிற உளியோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். தன்னுடைய நெம்பர் ஒன் பூச்சை, முதல் படியிலிருந்து புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, கசியப்போகுதுங்க!"

"பூச்சு தடிப்புங்க கண்ணு. என்னைய மீறிக் கசியாது."

கொத்திய இடத்தில் எல்லாம் கன்னத்தை வைத்துப் பார்த்தார். ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் கன்னத்தில் கீறும். "கன்னத்துல கீறுனா நர்சம்மா கால்லயும் கீறுமுங்க" என்று அந்த இடத்தை மட்டும் கல்லால் தேய்ப்பார். தேய்த்தது அதிகமாகி வழுக்கினால் மறுபடி உளி. ஐந்து நாள் இப்படி. வலது கன்னம் சிவந்து, கீறல் கீறலாகப் போனதும் இடது கன்னத்துக்கு மாறினார். அம்மா ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் களிம்புக் குப்பியை என்னிடம் கொடுத்து, "அந்தாளு மொகத்துல போடச் சொல்லு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல செய்தி.

மறுபடி நிரப்பினோம். உடனே மூடுபனி வந்து மூன்று நாள் உட்கார்ந்துகொண்டது. நாலாம் நாள்தான் வெயில். நான் சட்டையைக் கழற்றினேன். மேஸ்திரி தடுத்தார்.

"நீங்க நீச்சல் தெரிஞ்சவரு. உங்களுக்குத் தரையில கால் புடிக்குதா புடிக்கலயான்னு தெரியாது. நான் நிக்காத எடத்துல அவங்கள நிக்கச் சொல்ல மாட்டனுங்க."

போனையும் டேப்பையும் என் கையில் கொடுத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக் கம்பியைப் பிடித்து இறங்கினார். முழங்கால் வந்தது. நின்றார். ஐம்பது வருஷத்து எல்லைக்கோடு அது. "இரு, இரு" என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டு அடுத்த படி. இடுப்பு. நெஞ்சு. கண்ணை இறுக மூடியிருந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தார். ஓர் இடத்தில்கூட வழுக்கவில்லை.

"ஏனுங்க மேஸ்திரி, புடிக்குதுங்களா?" அம்மா எப்போது வெளியே வந்தார் என்று தெரியவில்லை.

"அம்மியாட்டப் புடிக்குதுங்க நர்சம்மா. கையக் குடுங்க."

அம்மா கைத்தடியைக் கீழே போட்டார். இடது கால். வலது கால். இன்னொரு படி. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவர்தான் தன்னைத் தாங்குகிறார் என்று அம்மா நினைத்தார். அம்மாதான் தன்னைத் தாங்குகிறார் என்று அவர் நினைத்தார். மூன்றாவது சுற்றில் அம்மா, "ஏஞ்சாமி, முட்டி இருக்கறதே தெரியலடா" என்றார். நான் திரும்பிப் பலாமரத்தைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

மறுபடி குளத்துப் பக்கம் திரும்பினால், மேஸ்திரி குனிந்து, காயம்பட்ட கன்னத்தைத் தண்ணீர் மேல் வைத்திருந்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"இந்த வழவழப்பு என்னால பூச முடியாதுங்க" என்றார்.

இப்போது அம்மா தினமும் நடக்கிறார். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் பாதி தாண்டிவிட்டது. போன வாரம் சர்ச் படியைக் கைத்தடி இல்லாமல் ஏறிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். மேஸ்திரியும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார். "கசியுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்பார். துண்டும் மாற்று வேட்டியும் பையில் இருக்கும்.

நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வருகிற ஞாயிறு, சர்ச் முடிந்ததும், இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிப் பார்க்கப் போகிறாராம். மிதக்க வேண்டுமாம். நான் அடியில் கை கொடுக்க வேண்டுமாம். என் உள்ளங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது கசியாதுங்களே கண்ணு?"

இன்றைக்குக் காலையிலிருந்து அம்மாவை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். அம்மா வானத்தைப் பார்த்தபடி என் கைமேல் மிதந்துகொண்டே, "கழுத்துப் பக்கம் இன்னும் நல்லாப் புடிடா, அவருக்குத் தலை கனம்" என்கிறார். பிடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் பிடிப்பேன் மேஸ்திரி. கசிய மாட்டேன்.